இரண்டிலிருந்து மூன்று என்றால் மூன்று வரைதான்

கேள்வி: போன மாதம் குடும்பத்தோடு ஒரு பெரிய தீம் பார்க்குக்குப் போயிருந்தோம். நான், கணவர், 9 வயதுப் பையன், 5 வயதுப் பெண், மாமியார். நீண்ட வரிசையில் நிற்காமல் போவதற்கான பாஸை ஐந்து பேருக்கும் காசு கொடுத்து வாங்கினோம். பையன் ரொம்ப ஆசைப்பட்ட ரைடுக்கு 2 மணியிலிருந்து 3 மணிக்குள் வரச் சொல்லி நேரம் கிடைத்தது. சாப்பாடு வரத் தாமதம், அப்புறம் சின்னவளுக்கு பாத்ரூம், மாமியாரால் வேகமாக நடக்கவும் முடியாது. போய்ச் சேரும்போது மணி 3.25. வாசலில் இருந்த பெண் உள்ளே விடவே இல்லை. கணவர் பத்து நிமிஷம் சத்தம் போட்டார், பையன் அழுதுவிட்டான். முன்பெல்லாம் டிஸ்னியில் நேரம் முடிந்த பிறகு எப்போது போனாலும் விடுவார்கள், இப்போது காசு பிடுங்கத்தான் இந்தக் கறார் என்கிறான் என் தம்பி. காசு கொடுத்தவர்களிடம் 25 நிமிஷத்துக்காக இப்படி நடந்துகொள்வது நியாயமா? அடுத்த விடுமுறைக்கு ஃப்ளோரிடா டிஸ்னி வேர்ல்டு போக நினைத்திருக்கிறோம். அங்கேயும் இதே கதைதானா?
— ஒரு வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி, நீங்கள் போன பார்க்கின் பெயரைக் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள், அதை நான் இங்கே போடவில்லை. பையன் அழுததைப் படித்தபோது எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. மாதக்கணக்கில் காத்திருந்து போன இடத்தில், அவன் எதற்காக வந்தானோ அந்த ஒன்றே கிடைக்காமல் போவது சின்ன விஷயம் இல்லை. ஆனால் நியாயமா என்று கேட்டீர்கள் பாருங்கள், அதற்கு என் பதில் உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். நியாயம்தான். அந்தப் பெண் செய்தது சரி.

முதலில் உங்கள் தம்பி சொன்னதை எடுத்துக்கொள்வோம். அவர் சொல்வதில் பாதி உண்மை. டிஸ்னி 1999இல் ஃபாஸ்ட்பாஸ் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. ரைடு வாசலில் ஒரு மெஷின் இருக்கும், நுழைவுச் சீட்டை அதில் செருகினால் ஒரு மணி நேர இடைவெளி அச்சடித்த சின்னக் காகிதம் வரும். அப்போது அது இலவசம். இத்தனை மணியிலிருந்து இத்தனை மணிக்குள் வரவும் என்று அதில் தெளிவாகப் போட்டிருந்தது. ஆனால் நடைமுறையில் பல வருஷம், ஆரம்ப நேரத்துக்கு முன்னால் வந்தால்தான் திருப்பி அனுப்புவார்கள், முடியும் நேரம் தாண்டி வந்தவர்களைக் கண்டுகொள்ள மாட்டார்கள். காலை 11 மணிச் சீட்டை ராத்திரி 8 மணிக்குக் காட்டினாலும் உள்ளே போய்விடலாம். ஃப்ளோரிடாவில் 2012 மார்ச்சில் அதை நிறுத்தினார்கள், கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டில் அடுத்த வருஷம். அதாவது சீட்டு இலவசமாக இருந்த காலத்திலேயே இந்தக் கண்டிப்பு வந்துவிட்டது. அங்கே வரிசை தாண்டுவதற்குக் காசு வாங்க ஆரம்பித்தது அதற்கெல்லாம் ரொம்பப் பின்னால், ஃப்ளோரிடாவில் 2021இல்தான் ஜீனி பிளஸ் என்ற பெயரில் பொதுவாக வந்தது. ஆகவே காசு பிடுங்கத்தான் கறார் என்பது வரலாற்றோடு ஒட்டவில்லை.

அந்தப் பழைய தாராளம் யாருக்குப் பயன்பட்டது என்று உங்கள் தம்பி யோசித்திருப்பாரா தெரியவில்லை. முதல் தடவை வந்த குடும்பம் சீட்டில் போட்ட நேரத்தை நம்பி, பாதிச் சாப்பாட்டில் எழுந்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தது. அடிக்கடி வந்து உள்விஷயம் தெரிந்தவர் காலையிலிருந்து சீட்டுகளைச் சேர்த்து வைத்து சாயங்காலம் ஒன்றன்பின் ஒன்றாக, வரிசை என்றால் என்னவென்றே தெரியாமல் ஏறி இறங்கினார். எழுதி வைத்த விதியை மதித்தவருக்கு நஷ்டம், அது வெறும் எழுத்து என்று தெரிந்தவருக்கு லாபம். இதைத் தாராள மனசு என்று என்னால் சொல்ல முடியவில்லை. எல்லாருக்கும் ஒரே விதியை ஒரே மாதிரி பார்ப்பதுதான் முதல் தடவை வருகிறவருக்குச் செய்யும் மரியாதை.

சரி, 25 நிமிஷம் தாமதமாக வந்தால் என்ன குடிமுழுகிப் போகிறது? இதற்கு ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ரைடில் மணிக்கு 1,000 பேர் ஏறலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் பாஸ் வைத்திருப்பவர்களுக்கு 700 இடம், சாதாரண வரிசைக்கு 300. உள்ளே இரண்டு வரிசையும் ஒன்றாகச் சேரும் இடத்தில் ஒரு பணியாளர் நின்று, இந்தப் பக்கம் இத்தனை பேர், அந்தப் பக்கம் இத்தனை பேர் என்று விட்டுக்கொண்டே இருப்பார். சாதாரண வரிசையில் 225 பேர் நிற்கிறார்கள் என்றால் வெளியே பலகையில் 45 நிமிஷம் என்று காட்டும், அதை நம்பி ஒருவர் வந்து கடைசியில் நிற்பார். இப்போது மதியம் 2, 3, 4 மணிக்கு நேரம் வாங்கிய மூன்று கூட்டத்திலும் தலா 150 பேர் நிதானமாக ராத்திரி 8 மணிக்கு வருகிறார்கள். அந்த மணிக்கு உரிய 700 பேரோடு இந்த 450 பேரும் சேர்ந்தால் 1,150. மொத்த இடமே 1,000தான். பாஸ் வரிசை வாசலுக்கு வெளியே வழிந்து நிற்கும், அதைக் கரைக்கச் சாதாரண வரிசையைப் பிடித்து நிறுத்துவார்கள். மணிக்கு 300 பேர் நகர்ந்த இடத்தில் 100 பேர் நகர்ந்தால், 45 நிமிஷம் என்று நம்பி நின்றவர் இரண்டேகால் மணி நேரம் நிற்க வேண்டும். அவரும் குழந்தையோடுதான் வந்திருப்பார், பாஸுக்குத் தனியாகச் செலவழிக்க முடியாததால் கால் கடுக்க நிற்பவராகவும் இருக்கலாம். உங்களைத் திருப்பி அனுப்பிய அந்தப் பெண் காத்து நின்றது அவருடைய நேரத்தைத்தான்.

“நான் 2 மணிக்கு வராததால் ஒரு இடம் காலியாகத்தானே போயிருக்கும், அதைத்தானே கேட்கிறேன்” என்று பலர் வாதாடுவதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் கணவரும் ஏறக்குறைய இதைத்தான் சொல்லியிருக்கிறார். அந்த இடம் காலியாகப் போகவில்லை. நீங்கள் வராத இடத்தில் சாதாரண வரிசையிலிருந்து யாரோ ஏறிப் போய்விட்டார்கள். அது 3.25க்கு மறுபடி முளைக்காது. 3.25க்கு நீங்கள் ஏற வேண்டுமானால் 3 மணிக்குமேல் வரச் சொல்லி நேரம் வாங்கியவரோ வரிசையில் நிற்பவரோ பின்னால் தள்ளப்பட வேண்டும்.

காசு கொடுத்தோமே என்கிறீர்கள். நீங்கள் காசு கொடுத்தது அந்த ஒரு மணி நேரத்துக்கு. எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்ற பாஸும் சந்தையில் இருக்கிறது. அமெரிக்காவில் உள்ள யுனிவர்சல் பார்க்குகளின் எக்ஸ்பிரஸ் பாஸில் நேரக் கட்டுப்பாடு கிடையாது. டிஸ்னியும் 2024 அக்டோபரில் லைட்னிங் லேன் பிரீமியர் பாஸ் என்று ஒன்றைக் கொண்டுவந்தது, அதிலும் நேரம் குறிப்பதில்லை. ஆனால் நேரம் குறித்த பாஸைவிடப் பல மடங்கு விலை. குறைந்த விலைப் பாஸ் குறைந்த விலைக்குக் கிடைப்பதே, வருகிறவர்களை நாள் முழுக்கப் பரப்பி வைக்க முடிகிறது என்பதால்தான்.

இவ்வளவும் பார்க் பக்கம் பேசினேன். அவர்கள் பக்கம் உள்ள தப்பையும் சொல்லியாக வேண்டும். உங்கள் கடிதத்தில் ஒரு வரி இருக்கிறது, “காலையில் வேறொரு ரைடில் 20 நிமிஷம் தாமதமாகப் போனோம், அங்கே ஒன்றும் சொல்லாமல் விட்டார்கள்” என்று. உங்கள் கோபத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். காலையில் விட்டதை மதியம் மறுத்தால், விதி என்பது வாசலில் நிற்பவருடைய மனநிலை என்றுதான் யாருக்கும் தோன்றும். அப்புறம் ஒவ்வொரு வாசலிலும் ஒரு சண்டை, அந்தச் சண்டையை வாங்கிக்கட்டிக்கொள்வது கையில் எந்த அதிகாரமும் இல்லாமல் வெயிலில் நிற்கும் சின்ன வயசுப் பணியாளர்கள். சலுகை நேரம் 15 நிமிஷம் என்றால் அதை ஆப்பிலேயே பெரிய எழுத்தில் போடட்டும், 16ஆவது நிமிஷம் மெஷினே மறுக்கட்டும். கண்டிப்பு எனக்குச் சம்மதம். ஆளுக்கு ஒரு கண்டிப்பு சம்மதம் இல்லை.

அதேபோல ரைடு பழுதாகி நின்றுவிட்டால் அது உங்கள் தப்பு இல்லை, அந்த நேரம் கழிந்தது என்று கைவிரிக்க எந்தப் பார்க்குக்கும் உரிமை கிடையாது. டிஸ்னியில் இதைச் சரியாகச் செய்கிறார்கள். உங்கள் நேரத்தில் ரைடு நின்றால் அந்தப் பாஸ் தானாகவே நேரம் இல்லாத பாஸாக மாறிவிடும், அன்றைக்குள் அதே ரைடு திறந்த பிறகோ, ஆப் காட்டும் வேறு ரைடிலோ பயன்படுத்தலாம். ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாட்டால் நீண்ட நேரம் வரிசையில் நிற்க முடியாதவர்களுக்கு அங்கே தனி ஏற்பாடு உண்டு. அதில் ஆரம்ப நேரம் மட்டும்தான், முடியும் நேரம் கிடையாது. அவர்களுடைய நாள் எப்படிப் போகும் என்று அவர்களால் முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதை ஏற்றுக்கொண்ட விதி அது. அப்படிப்பட்டவருக்கு 25 நிமிஷம் என்று கணக்குப் பார்த்திருந்தால் நானும் உங்களோடு சேர்ந்து சத்தம் போட்டிருப்பேன்.

இனி உங்கள் ஃப்ளோரிடா பயணம். அங்கேயும் நேரம் பார்ப்பார்கள். பாஸ் பதிவாகியிருக்கும் கைப்பட்டையையோ போனையோ வாசலில் உள்ள வட்டத்தில் தொட வேண்டும், பச்சை எரிந்தால் உள்ளே, நீலம் எரிந்தால் பணியாளர் வந்து என்னவென்று பார்ப்பார். 5 நிமிஷம் முன்னால், 15 நிமிஷம் பின்னால் வரை விடுவது போகிறவர்கள் மத்தியில் ரொம்ப நாளாகப் பழகிப்போன கணக்கு. அதை நம்பித் திட்டம் போடாதீர்கள், அவசரத்துக்கு என்று மனசில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போதும் அந்த ஒரு மணி நேரத்தின் முதல் கால் மணியில் போய்விடப் பாருங்கள். முதலில் வாங்கி வைத்த நேரங்களில் ஒன்றைப் பயன்படுத்தி உள்ளே போன பிறகுதான் புதிதாக இன்னொன்று வாங்க முடியும் என்பதால், இழுத்தடித்தால் அன்றைய மொத்தக் கணக்கே பின்னால் போகும். சாப்பாட்டை இந்த நேரத்துக்கு முன்னால் வைக்காமல் பின்னால் வையுங்கள். உட்கார்ந்து சாப்பிடும் இடத்தில் எப்போது தட்டு வரும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. தூரத்தையும் குறைத்து நினைக்காதீர்கள். டிஸ்னி வேர்ல்டுக்குள் இருக்கும் பார்க்குகளில் ஒன்றான எப்காட்டில் உள்ள ஏரியைச் சுற்றி வருவதே கிட்டத்தட்ட 2 கிலோமீட்டர், மாமியாரோடு நடந்தால் அரை மணிக்கு மேல் ஆகும். அங்குள்ள இன்னொரு பார்க்கான மேஜிக் கிங்டமில் ஊர்வலம் போகும் நேரத்தில் எதிர்ப்பக்கம் கடக்க முடியாமல் நின்றுவிட்டால் கால் மணி அங்கேயே போய்விடும். தாமதம் ஆகப்போகிறது என்று தெரிந்த அந்த நிமிஷமே ஆப்பைத் திறந்து நேரத்தை மாற்றப் பாருங்கள், நாள் ரொம்ப நெரிசலாக இல்லையென்றால் வேறு நேரம் கிடைக்கும். அன்றைக்குச் சாப்பாட்டு மேஜையில் 2.40க்கு இதைச் செய்திருந்தால் பையன் பெரும்பாலும் ஏறியிருப்பான்.

இன்னொன்றும் கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். மாமியார் அந்த ரைடில் ஏறப்போகிறாரா? சின்னவளுக்கு அதற்கான உயரம் இருந்ததா? பாஸ் ஆளுக்கு ஒன்று, ஏறாதவருக்கு வாங்க வேண்டியதே இல்லை. 2.50 ஆகும்போது கணவர் பையனைக் கூட்டிக்கொண்டு முன்னால் போயிருக்கலாம், நீங்கள் மற்ற இரண்டு பேரோடு நிதானமாக வந்திருக்கலாம். ஐந்து பேரும் எப்போதும் சேர்ந்தே நகர வேண்டும் என்று வைத்துக்கொண்டால், எல்லாரிலும் மெதுவாக நடப்பவரின் வேகம்தான் எல்லாருக்கும். அப்புறம் வீட்டுக்கு வந்து தாமதத்துக்கு அவர்தான் காரணம் என்று ஆகிவிடும். உங்கள் கடிதத்திலேயே மாமியார் பெயர் அப்படி ஒரு தடவை வந்துவிட்டது. உயரம் போதாத குழந்தை இருந்தால் டிஸ்னியில் அப்பா ஏறிவிட்டு வரும்வரை நீங்கள் வெளியே இருந்து, அப்புறம் நீங்கள் மறுபடி முதலிலிருந்து வரிசையில் நிற்காமல் ஏறும் வசதியும் உண்டு, வாசலிலேயே முதலில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

அந்தப் பத்து நிமிஷச் சத்தத்தைப் பற்றி நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அதை எழுதியிருக்கிறீர்கள், அதனால் உங்களுக்குள் அது உறுத்துகிறது என்று எடுத்துக்கொள்கிறேன். ரைடு கிடைக்காததற்கு மட்டும் பையன் அழுதானா, அப்பா ஒரு பெண்ணிடம் அப்படிப் பேசியதைப் பார்த்து அழுதானா என்று அவனிடமே மெதுவாகக் கேட்டுப்பாருங்கள். அடுத்த பயணத்துக்கு முன்னால் அவன் கையில் ஆப்பைக் கொடுத்து, எந்த ரைடு எத்தனை மணிக்கு, எப்போது கிளம்ப வேண்டும் என்று பார்த்துச் சொல்லும் வேலையையும் அவனிடமே விட்டுவிடுங்கள். 9 வயதுக்கு அது நன்றாக வரும், 2.30க்கே உங்கள் எல்லாரையும் எழுப்பிவிடுவான்.