ஆறு மாத 'சேஃப்டி' டிப்ளமோவுக்கு நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: என் தம்பி மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தவன். அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு மில்லில் மூன்று வருடமாக மெயின்டெனன்ஸில் இருக்கிறான். போன வருடத்திலிருந்து ஷிப்டில் எட்டுப் பேருக்கு அவன்தான் பொறுப்பு. சேஃப்டி ஆபீசர் ஆக வேண்டும் என்று ஆசைப்படுகிறான். பாளையங்கோட்டையில் ஒரு பயிற்சி நிறுவனம் ஆறு மாத 'ஃபயர் அண்ட் சேஃப்டி' டிப்ளமோ, நெபோஷ், ஓஷா மூன்றும் சேர்த்து ரூ.1,35,000 என்கிறது. முடித்ததும் சவூதியில் வேலையாம். எங்கள் ஊர் அண்ணாச்சி ஒருவர்தான் கூட்டிப்போய்க் காட்டினார். சனிக்கிழமைக்குள் முன்பணம் கட்டச் சொல்கிறார்கள். அம்மா நகையை எடுத்துக் கொடுத்துவிட்டார். சேர்க்கலாமா? — ஒரு வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: நகை பெட்டிக்கே திரும்பிப் போகட்டும். சனிக்கிழமை முன்பணமும் வேண்டாம். மற்றதை நிதானமாகப் பார்க்கலாம்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. எட்டுப் பேருக்கு அவன்தான் பொறுப்பு என்ற வரி. பாளையங்கோட்டையில் யார் எவ்வளவு வாங்கினாலும் அதை அவனுக்குக் கொடுக்க முடியாது.

தொழிற்சாலைகள் சட்டம் 1948-இல் 40பி என்று ஒரு பிரிவு இருந்தது. 2025 நவம்பரில் அந்தச் சட்டத்தின் இடத்தில் புதிய பணிப்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. பெரிய தொழிற்சாலைகளும், ஆபத்தான வேலை நடக்கும் இடங்கள் என்று அரசு அறிவிக்கும் தொழிற்சாலைகளும் பாதுகாப்பு அலுவலரை நியமித்தே ஆக வேண்டும் என்று சொன்னது அந்தப் பிரிவு. பாதுகாப்பு அலுவலர் வேண்டும் என்றுதான் புதிய தொகுப்பும் சொல்கிறது. அந்த நாற்காலியில் யார் உட்காரலாம் என்பதை விதிகள் சொல்கின்றன. பொறியியல் பட்டம் படித்தவர் என்றால் தொழிற்சாலையில் 2 வருடம் மேற்பார்வைப் பொறுப்பில் இருந்திருக்க வேண்டும். உங்கள் தம்பியைப் போல டிப்ளமோ என்றால் 5 வருடம். அதற்கு மேலே, மாநில அரசு அங்கீகரித்த தொழிலகப் பாதுகாப்புப் பட்டமோ பட்டயமோ வேண்டும். தொழிலாளர்களில் பெரும்பாலானோர் பேசும் மொழியும் தெரிய வேண்டும். நம் பக்கத்தில் அது தமிழ். ஆனால் இன்று கட்டுமான சைட்டுகளில் பாதிப் பேர் இந்தியிலோ ஒடியாவிலோதான் பேசுகிறார்கள். சாரத்தில் நிற்பவனிடம் ஹார்னஸை, அதாவது விழாமல் பிடிக்கும் பட்டையை, மாட்டு என்று சொல்லும் அளவுக்காவது உங்கள் தம்பி இந்தி கற்றுக்கொள்ளட்டும். செலவில்லாத தகுதி அது.

இப்போது கணக்கைப் பாருங்கள். மூன்று வருட வேலையில் ஃபிட்டராக ஸ்பானர் பிடித்த முதல் இரண்டு வருடம் மேற்பார்வை ஆகாது. ஷிப்டைப் பார்த்துக்கொண்ட ஒரு வருடம்தான் கணக்கில் வரும். அதுவும் தாளில் இருந்தால்! மில்லில் அவன் பதவி என்ன என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் 'டெக்னீஷியன்' என்றுதான் போட்டிருப்பார்கள். வேலை சூப்பர்வைசர் வேலை, சம்பளம் டெக்னீஷியன் சம்பளம். நம் மில்கள் பலவற்றில் நடப்பது இதுதான். நாளைக்கு அனுபவச் சான்று கேட்டால் டெக்னீஷியன் என்றே எழுதிக் கொடுப்பார்கள், அந்த வருடங்கள் வீணாகிவிடும். ஆகவே இந்த மாதமே ஹெச்.ஆரிடம் போய், ஷிப்டுப் பொறுப்பை ஆர்டராக எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். பி.எஃப். கணக்கில் மில்லின் பெயர் இருக்கிறதா, காண்ட்ராக்டர் பெயர் இருக்கிறதா என்றும் பார்க்கட்டும். காண்ட்ராக்டர் பெயர்தான் என்றால் அனுபவச் சான்றை அவரிடமிருந்துதான் வாங்க வேண்டியிருக்கும். அந்த காண்ட்ராக்டர் நாளைக்கு எந்த ஊரில் இருப்பாரோ.

சரி, அந்த ரூ.1,35,000-க்கு என்ன தருகிறார்கள் என்று பார்ப்போம்.

ஆறு மாத டிப்ளமோ: சுவரில் 'அரசுப் பதிவு பெற்றது' என்று எழுதியிருப்பார்கள். பொய் இல்லை. அறக்கட்டளையாகவோ கம்பெனியாகவோ பதிந்திருப்பார்கள், சிறுதொழில் பதிவும் இருக்கும். பதிந்தது நிறுவனத்தை. படிப்பை யாரும் அங்கீகரித்ததாக அதற்குப் பொருள் இல்லை. பக்கத்திலேயே ஐ.எஸ்.ஓ. 9001 சான்றிதழ் பளபளவென்று தொங்கும். அது அலுவலக நடைமுறை ஒழுங்காக இருக்கிறது என்பதற்கான சான்று. ஜெராக்ஸ் கடைக்காரரும் செலவழித்தால் வாங்கலாம். அஞ்சல் வழியில் பொறியியல் டிப்ளமோ தருகிறோம் என்பவர்கள் இன்னொரு ரகம். அந்தப் பக்கமே போக வேண்டாம்.

ஓஷா: அது அமெரிக்க அரசின் தொழிலாளர் துறையைச் சேர்ந்த அமைப்பு. 30 மணி நேரப் பயிற்சி முடித்தவருக்கு ஓர் அட்டை கிடைக்கும். அந்த அட்டை தகுதிச் சான்று அல்ல என்று அந்த அமைப்பே சொல்கிறது. அது அமெரிக்கத் தொழிலாளர்களுக்கான விழிப்புணர்வுப் பயிற்சி. இங்கே ஓஷா என்ற பெயரில் கிடைப்பதில் பெரும்பகுதி, பயிற்சி நிறுவனமே அச்சடித்த தாள். அதற்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம்.

நெபோஷ்: இதற்கு மதிப்பு உண்டு. மூன்றில் இது ஒன்றுதான் அசல். இங்கிலாந்தில் லெஸ்டரைத் தலைமையிடமாகக் கொண்ட தேர்வு அமைப்பு அது. வளைகுடா காண்ட்ராக்டர்கள் கேட்பது பெரும்பாலும் அதன் சர்வதேசப் பொதுச் சான்றிதழைத்தான். இரண்டு பகுதி. முதலாவது எழுத்துத் தேர்வு. புத்தகத்தைப் பார்த்து எழுதலாம், ஆனால் பார்த்து அப்படியே எழுதினால் தேற முடியாது. ஒரு விபத்துச் சூழலைக் கொடுத்து அதில் என்னென்ன தவறு என்று கேட்பார்கள். அப்புறம் எழுதியது நீதானா என்று கேமரா முன் உட்கார வைத்து விசாரிப்பார்கள். இரண்டாவது பகுதிக்கு, ஒரு வேலையிடத்தை எடுத்துக்கொண்டு அங்குள்ள அபாயங்களை மதிப்பிட்டு அறிக்கை தர வேண்டும். உங்கள் தம்பிக்கு மில்லே கையில் இருக்கிறது. ஸ்பின்னிங் மெஷின் பெல்ட்டு, பஞ்சுத் தூசி, இரைச்சல், தீ என்று எழுத அவனிடம் நிறைய இருக்கும். எல்லாம் ஆங்கிலத்தில் என்பதுதான் சிக்கல். ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வில் 6 வாங்கும் அளவுக்கு ஆங்கிலம் இருந்தால் நல்லது என்று நெபோஷே சொல்கிறது. பாஸ் கேரண்டி என்று ஒரு நிறுவனம் சொன்னால், வேறு யாரோ எழுதித் தரப்போகிறார்கள் என்று அர்த்தம். பிடிபட்டால் தேர்வு ரத்தாகும், கட்டிய பணமும் போகும். இவர்கள் நெபோஷின் அங்கீகாரம் பெற்ற பயிற்சிக் கூட்டாளிகளா என்பதை நெபோஷ் இணையதளத்திலேயே தேடிப் பார்க்கலாம். தங்கள் பெயரே இல்லாமல், இன்னொரு ஊர்க்காரருக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவர்கள்தான் அதிகம். நடுவில் இவர்களுக்கு ஒரு பங்கு, உங்கள் ஊர் அண்ணாச்சிக்கு ஒரு பங்கு.

நெபோஷ் சான்றிதழ் மட்டும் கையில் இருந்தால் இந்தியத் தொழிற்சாலையில் சட்டப்படியான பாதுகாப்பு அலுவலர் ஆக முடியாது. 'இன்டர்நேஷனல்' என்றால் எல்லா இடத்துக்கும் செல்லும் என்று சொல்லி விற்கிறார்கள். தமிழ்நாட்டில் செல்லும் படிப்பு வேறு. மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தின் கீழ் மும்பை சயானில் மத்தியத் தொழிலாளர் நிலையம் இருக்கிறது. அதன் மண்டலக் கிளை சென்னை தரமணியில் இருக்கிறது. அங்கே நடத்தும் தொழிலகப் பாதுகாப்புப் பட்டயம்தான் எந்தத் தொழிற்சாலை வாசலிலும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்ளப்படும் தாள். முழுநேரப் படிப்பு என்பதால் அந்த ஓராண்டு சம்பளம் வராது. மில்லே ஸ்பான்சர் செய்து அனுப்பினால் உத்தமம். பி.இ. முடித்தவர்களுக்கு சிவகாசி மெப்கோ கல்லூரியிலும் திருச்சி என்.ஐ.டி.யிலும் தொழிலகப் பாதுகாப்புப் பொறியியல் முதுகலைப் படிப்பு உண்டு. தம்பிக்கு வசதி இருந்தால் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். 5 வருட நிபந்தனை அப்போது 2 ஆகும்.

வேறு எந்த நிறுவனத்தின் படிப்பு செல்லும் என்று எப்படித் தெரிந்துகொள்வது? நியாயமாக, அங்கீகரித்த படிப்புகளின் பட்டியலை மாவட்டத்துத் தொழிலகப் பாதுகாப்பு அலுவலகத்தில், வாசலிலேயே, கண்ணில் படும்படி ஒரு பலகையில் எழுதி வைத்திருக்க வேண்டும். அந்த ஒரு பலகை இருந்தால் நெல்லை ஜங்ஷனைச் சுற்றியுள்ள பாதி நிறுவனங்கள் கடையைக் கட்டிவிடும். அதைச் செய்ய ஏன் இத்தனை வருடம் ஆகிறதோ! போய் நேரில் கேட்டால் 'சென்னையில் கேளுங்கள்' என்று சொல்லக்கூடும். ஆகவே நேரில் கேட்கவே வேண்டாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, சென்னை தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். 'இன்ன நிறுவனம் நடத்தும் இன்ன படிப்பு, பாதுகாப்பு அலுவலர் தகுதி விதிகளின்படி மாநில அரசால் அங்கீகரிக்கப்பட்டதா? ஆம் எனில் அரசாணை எண், நாள் தருக.' இவ்வளவே போதும். 30 நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம். அந்தப் பதில் வரும்வரை முன்பணம் கட்ட மாட்டோம் என்று நிறுவனத்திடம் சொல்லிப் பாருங்கள். முகம் மாறுவதிலேயே பாதிப் பதில் கிடைத்துவிடும்.

கூடங்குளம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நம் மாவட்டத்தில் இந்தக் கேள்வியோடு அதுவும் சேர்ந்தே வரும். 'கூடங்குளத்தில் என் மச்சான் ஆறு மாதப் படிப்போடு சேஃப்டியில் சேர்ந்துவிட்டான், உங்கள் விதி என்ன ஆயிற்று?' என்று கேட்பார்கள். அணுமின் நிலைய வளாகம் மாநில இயக்ககத்தின் கண்காணிப்பில் வராது. தொழிற்சாலைப் பாதுகாப்புச் சட்டத்தை அங்கே நடைமுறைப்படுத்துவது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். அதற்கென்று 1996-ஆம் ஆண்டு அணுசக்தித் தொழிற்சாலை விதிகள் தனியாக உள்ளன. அப்புறம், அந்த வளாகத்துக்குள்ளேயே புதிய அலகுகளின் கட்டுமானம் நடக்கிறது. அங்கே வேலை தருவது பெரும்பாலும் காண்ட்ராக்டர்கள். காண்ட்ராக்டரிடம் இரண்டு வகை ஆள் உண்டு. ஒருவர் சட்டம் கேட்கும் பாதுகாப்பு அலுவலர். அவருக்கு முழுத் தகுதியும் வேண்டும். மற்றவர்கள் சேஃப்டி சூப்பர்வைசர், ஸ்டூவர்ட் என்ற பெயரில் வெயிலில் நின்று வேலைக்கான பெர்மிட் பார்ப்பவர்கள், காலையில் வேலை தொடங்கும்முன் பாதுகாப்பு பற்றிப் பேசும் டூல்பாக்ஸ் டாக் நடத்துபவர்கள், வெல்டிங் நடக்கும் இடத்தில் தீயணைப்பானோடு நிற்பவர்கள். மச்சான் இரண்டாம் வகை. அதில் குறைச்சல் ஒன்றுமில்லை, அந்த வேலையில் இருந்துதான் பலர் மேலே வந்திருக்கிறார்கள். ஆனால் அதற்கு ரூ.1,35,000 தேவையில்லை. டிப்ளமோவும் மில் அனுபவமும் உள்ள உங்கள் தம்பி நேராக காண்ட்ராக்டர் அலுவலகத்தில் பயோடேட்டா கொடுக்கலாம். ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளட்டும். கட்டுமான சைட்டில் கழித்த வருடம் தொழிற்சாலை மேற்பார்வை அனுபவமாகக் கணக்கில் வருமா என்று நாளைக்கு ஒரு அதிகாரி கேள்வி எழுப்பலாம். மில்லை விடும்முன் இதை யோசிக்க வேண்டும்.

கங்கைகொண்டான் சிப்காட், தூத்துக்குடி, ராதாபுரம் பக்கத்துக் காற்றாலைகள் என்று வாய்ப்புகள் கூடிக்கொண்டுதான் இருக்கின்றன. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய பணிப்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, பாதுகாப்பு அலுவலர் கட்டாயம் என்பதற்குத் தொழிற்சாலைகளில் இருந்த 1,000 தொழிலாளர் என்ற பழைய வரம்பை 500 ஆகக் குறைத்திருக்கிறது. அபாயத் தொழிலிலும் கட்டுமானத்திலும் வரம்பு 250. தாளில் இடங்கள் கூடும். உண்மையில் கூடுமா என்பது வேறு. பாதுகாப்பு அலுவலருக்கு அவருடைய கடமைக்குக் குந்தகமான வேறு வேலை தரக்கூடாது என்று விதி இருக்கும்போதே, அவரை கேன்டீன் டோக்கன் எண்ணவும் மார்ச் 4 பாதுகாப்பு தினத்துக்குப் பேனர் கட்டவும் வைக்கும் முதலாளிகள் உண்டு. சான்றிதழை மட்டும் மாத வாடகைக்குக் கேட்பவர்களும் உண்டு. ஆள் வரவேண்டாம், பெயர் பதிவேட்டில் இருந்தால் போதும் என்பார்கள். விபத்து நடந்தால் பதிவேட்டில் உள்ள பெயரைத்தான் போலீஸ் தேடி வரும்.

இனி சவூதி. பயிற்சி நிறுவனம் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்ப வேண்டுமானால் 1983 குடியேற்றச் சட்டப்படி அதற்குத் தனி உரிமம் வேண்டும். உரிமம் பெற்ற ஏஜென்டுகளின் பட்டியல் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கிறது. உரிமம் உள்ளவரே சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம், அதுவும் ரசீதோடு. விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் அந்த இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். வெளிநாடுதான் என்று தம்பி முடிவுசெய்தால், 1978-இல் தமிழக அரசே தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் பெயரைப் பதிந்து வைக்கட்டும்.

நான் சொல்வது இதுதான். தம்பி மில்லிலேயே இருக்கட்டும், பொறுப்பு ஆர்டரை வாங்கட்டும், மில்லின் பாதுகாப்புக் குழுவில் இடம் கேட்கட்டும், முதலுதவிப் பயிற்சிக்குப் பெயர் கொடுக்கட்டும். இடையில் ஆங்கிலம் தேறியதும் நெபோஷை மட்டும், நேரடியாக, அங்கீகாரம் உள்ள இடத்தில் எழுதட்டும். மேற்பார்வையில் ஐந்து வருடம் நிறையும் சமயத்தில் தரமணிக்கு விண்ணப்பிக்கலாம்.

இன்னொன்று. அட்மிஷன் ஃபைலில் வைக்க என்று டிப்ளமோ அசல் சான்றிதழையோ பாஸ்போர்ட்டையோ அந்த அண்ணாச்சியிடம் ஏற்கெனவே கொடுத்திருந்தால், இன்று சாயங்காலமே போய் வாங்கிவிடுங்கள். பணம் கட்டினால்தான் தருவோம் என்று இழுத்தால் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து, அதற்கான ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.