குஞ்சைக் கூட்டினால் மீன் கூடுமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் 50 சென்ட் குளத்தில் போன வருடம் கட்லா, ரோகு, மிர்கால் சேர்த்து 1,000 குஞ்சு விட்டோம். பத்து மாதத்தில் 800 மீன் கிடைத்தது, சராசரி 700 கிராம். இந்த வருடம் 2,500 விட்டோம். 2,000 மீன் வந்தது, ஆனால் ஒவ்வொன்றும் 260 கிராம்தான். தீவனம், சாணம் எல்லாம் போன வருட அளவுதான். குஞ்சு தரமில்லையா? – வாசகர், மன்னார்குடி

பதில்: குஞ்சின் மேல் பழி போடுமுன் மொத்த எடையைப் பெருக்கிப் பாருங்கள். போன வருடம் 560 கிலோ, இந்த வருடம் 520 கிலோ. குளம் ஏறக்குறைய அதே எடையைத்தான் தந்திருக்கிறது. பங்கு கேட்கும் வாய்கள்தான் கூடிவிட்டன.

குறைந்த 40 கிலோவுக்கும் பெரும்பாலும் இதுவே காரணம். மீன் தின்பதில் பெரும்பகுதி மூச்சுக்கும் நீச்சலுக்கும் எரிந்துபோகும், மிஞ்சுவதுதான் சதை. உடம்பு சிறிதாக இருந்தால் கிலோவுக்கு எரியும் அளவும் அதிகம். தீவனம் கூடாமல் தலை எண்ணிக்கை மட்டும் கூடியதால், வந்ததில் கூடுதல் பங்கு உயிரைப் பிடித்து வைக்கவே செலவாகிவிட்டது.

குளத்துக்கு வரவு இரண்டு வழியில்: வெயிலில் வளரும் மிதவைப் பாசி, நீங்கள் போடும் தீவனம். பாசியின் அளவை அறியக் கருவி வேண்டாம். காலை பத்து மணிவாக்கில் உள்ளங்கையை விரித்து, கையை நேராக நீருக்குள் இறக்குங்கள். முழங்கை நனையும்போது உள்ளங்கை மறைந்தால் சரியான அளவு. மணிக்கட்டிலேயே மறைந்தால் பாசி மிஞ்சிவிட்டது, சாணத்தை நிறுத்துங்கள். முழங்கைக்கு மேல் போயும் தெரிந்தால் நீர் வெறுமையாக இருக்கிறது, சாணம் போடலாம். சேறு கலங்கிய நீரில் இந்தச் சோதனை பொய் சொல்லும்.

சாணத்தை மட்டும் நம்பினால் உங்கள் குளத்துக்கு 1,000 குஞ்சு போதும். 2,000 விட வேண்டுமானால், தீவனத்தை மீனின் எடையோடு சேர்த்து ஏற்ற வேண்டும். மாதம் ஒருமுறை வீச்சுவலையில் 30 மீனாவது பிடித்துச் சராசரி எடை பாருங்கள். 2,000 மீன், தலா 100 கிராம் என்றால் மொத்தம் 200 கிலோ. அதில் 3 சதவீதம், அதாவது தினம் 6 கிலோ, தவிடும் கடலைப் புண்ணாக்கும் சரிபாதி. மீன் பருக்கப் பருக்க 2 சதவீதத்துக்கு இறக்குங்கள். கட்லா மேல்மட்டத்திலும் ரோகு நடுவிலும் மிர்கால் அடியிலும் மேய்வதால் 40:30:30 என்ற விகிதம் பொருந்தும்.

தீவனத்தை ஏற்றிக்கொண்டே போகவும் முடியாது. இரவில் பாசியும் ஆக்சிஜனைக் குடிக்கும். விடியற்காலை மீன் மேலே வந்து வாயைப் பிளந்தால் குளம் எல்லையைத் தொட்டுவிட்டது என்று பொருள். அன்று தீவனம் வேண்டாம். மோட்டாரில் புதுத் தண்ணீரை உயரத்திலிருந்து விழும்படி பாய்ச்சுங்கள். அரைக் கிலோ தாண்டிய மீன்களை அவ்வப்போது பிடித்து விற்றால் மிச்சமுள்ளவை வேகமாகத் தேறும்.

கேள்வி: உணவுச் சங்கிலியில் ஒவ்வொரு படிக்கும் 10 சதவீத ஆற்றல்தான் போகும் என்று பாடப்புத்தகத்தில் உள்ளது. எப்போதும் அப்படித்தானா? – மாணவி, தேனி

பதில்: இல்லை, அது தோராயம். அமெரிக்காவின் புளோரிடாவில் சில்வர் ஸ்பிரிங்ஸ் ஊற்றைச் சூழலியலாளர் ஹோவர்ட் ஓடம் அளந்து 1957இல் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் ஓராண்டுக்குத் தாவரங்கள் பிடித்த ஆற்றல் 20,810 கிலோகலோரி. தாவர உண்ணிகளுக்கு 3,368, அவற்றைத் தின்பவற்றுக்கு 383, உச்சியில் இருப்பவற்றுக்கு 21. வகுத்தால் 16, 11, 5.5 சதவீதம். தேர்வில் 10 என்றே எழுதுங்கள்!

கேள்வி: எங்கிருந்தோ நாலைந்து ஜிலேபி மீன் வந்து, இப்போது குளம் முழுக்க விரல் நீளத்தில் அவைதான். வளரவே இல்லை. என்ன செய்ய? – வாசகர், சிவகங்கை

பதில்: கட்லாவும் ரோகுவும் தேங்கிய குளத்தில் தாமாக இனம் பெருக்குவதில்லை; விட்ட எண்ணிக்கைக்கு மேல் போகாது. ஜிலேபி அப்படியல்ல. இரண்டு மூன்று மாதத்திலேயே பருவத்துக்கு வந்து, தாய் முட்டையை வாயிலேயே வைத்துக் காக்கும். ஐந்து தாய்க்குத் தலா 20 குஞ்சு பிழைத்தாலே 100. அதில் பாதி பெண் என்று வைத்தால் அடுத்த தலைமுறை 1,000. இரை பற்றாமல் போனாலும் இனப்பெருக்கத்தை நிறுத்தாது. வளர்ச்சி நின்று, சிறு உடம்பிலேயே முட்டையிடும்.

வலை வீசித் தீர்க்க முடியாது. பத்து தப்பினால் பழைய கதைதான். கோடையில் குளத்தை வற்றவிட்டு, அடிமண் வெடிக்கும்வரை காயப்போடுங்கள். வற்றாத குளமென்றால் இலுப்பைப் புண்ணாக்கு: ஒரு மீட்டர் ஆழத்துக்கு 50 சென்டுக்கு 500 கிலோ. ஊறவைத்துக் கரைத்துக் குளம் முழுக்கத் தெளியுங்கள். அதிலுள்ள சப்போனின் மீனின் சிவப்பணுக்களைச் சிதைத்துக் கொல்லும். எல்லா மீனும் சாகும் என்பதால் வளர்ப்பு மீனை முன்பே பிடித்துவிட வேண்டும். நஞ்சு இறங்க மூன்று வாரம் விடுங்கள், பிறகு அதுவே உரமாகிவிடும். புதுக் குஞ்சு விடுமுன் ஒரு துணித்தொட்டியில் பத்துக் குஞ்சை ஒரு நாள் அதே நீரில் வைத்துப் பாருங்கள். தண்ணீர் வரும் வாய்க்காலில் நெருக்கமான நைலான் வலை கட்டாவிட்டால் அடுத்த மழையிலேயே திரும்ப வந்துவிடும்.