போரில் செய்த ஒன்றை நண்பர் முதுமையில் சொல்லத் தொடங்கினால் ஆறுதல் சொல்வதா, பேசவிடுவதா?

பேசவிடுங்கள். 'மேலிடத்து உத்தரவு, நீங்கள் என்ன செய்வீர்கள்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். என் அப்பாவின் வாயைப் பல ஆண்டுகள் அடைத்துவைத்தது அந்தப் பேச்சுதான்.

அப்பா புதுச்சேரி சொல்தா (பிரெஞ்சுப் படைச் சிப்பாயை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம்). பிரெஞ்சுப் படையில் சேர்ந்து இந்தோசீனாவுக்கும் பிறகு அல்ஜீரியாவுக்கும் போனவர். ஜூலை 14 அன்று பதக்கங்களைக் குத்திக்கொண்டு கடற்கரைச் சாலைப் போர் நினைவுச் சின்னத்துக்குப் போவார். அங்கே அல்ஜீரியா என்று வாயெடுத்தாலே, பழைய சிப்பாய்கள் 'உத்தரவுதானே' என்று பேச்சைப் பென்ஷனுக்குத் திருப்பிவிடுவார்கள். (பிரெஞ்சு பென்ஷன் என்றால் கொட்டுகிறது என்று ஊருக்கு நினைப்பு. எங்கள் தெருவுக்குள் நுழைந்ததும் மீன்காரர் விலையை ஏற்றுவார். அக்காக்களின் கல்யாணக் கடனை அடைத்தோம், அவ்வளவுதான்.)

கடைசியில் அப்பா மனம் திறந்தது எதிரணி நண்பரிடம். ஒரே பெஞ்சில் படித்தவர், பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியை இந்தியாவோடு இணைக்கப் போராடியவர். 1954 அக்டோபர் 18 அன்று புதுச்சேரிக் கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு சேர வாக்களித்ததை இன்னும் பெருமையாகச் சொல்வார். 1962இல் அப்பா பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டபோது பேச்சையே நிறுத்தியவர்.

அல்ஜீரியாவில் பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்த விடுதலைப் போராளிகளுக்குச் சோறும் மறைவிடமும் கிடைக்கக் கூடாது என்று 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்தவரைக் கிளப்பி முகாம்களில் அடைத்தது பிரெஞ்சுப் படை. அப்படி ஒரு மலைக் கிராமத்தில், திருகையைக் கட்டிக்கொண்டு வரமாட்டேன் என்ற கிழவியை அப்பா இழுத்து லாரியில் ஏற்றியிருக்கிறார். பிறகு வீட்டுக்குத் தீ வைத்திருக்கிறார். நண்பர் சமாதானம் சொல்லவில்லை. 'அடிபட்டதா? வீட்டில் வேறு யார் இருந்தார்கள்?' என்று கேட்டுக்கொண்டே போனார். அப்பா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். அதற்குப் பிறகு நண்பர் தன் கதையை எடுத்தார்: பிரெஞ்சு ஆதரவாளர் என்று பெயர் வாங்கிய அண்டை வீட்டுக்காரரின் வைக்கோற்போரை 1954இல் கொளுத்திய கூட்டத்தில் அவரும் இருந்தாராம். அந்த வீட்டுப் பிள்ளைகள் அவருக்குத் தினமும் வணக்கம் சொல்கிறார்கள்.

செத்த அப்பனைச் சந்திக்கு இழுக்கிறான் என்பீர்கள். அண்ணன்மாரைக் கேட்டுத்தான் எழுதுகிறேன். சொல்தாக்கள் எல்லோரும் இப்படி என்றோ, இணைப்புப் போராட்டம் கேவலம் என்றோ நான் சொல்லவில்லை.

உங்கள் நண்பர் எந்தப் போரில் இருந்தார் என்று நீங்கள் எழுதவில்லை. ஈழத்தவராக இருக்கலாம் என்று எண்ணுகிறேன். கடலூர்ப் பக்கத்து அகதி முகாம் ஒன்றில் இருப்பவர் என்றால் அங்கே வைத்துப் பேச்சை எடுக்காதீர்கள். சுவருக்கு அந்தப்புறம் இன்னொரு குடும்பம் இருக்கும், அவர்கள் எந்தப் பக்கத்தில் அடிபட்டவர்களோ. உங்கள் வீட்டுக்கு அழைத்துச் சோறு போட்டுவிட்டுக் கேளுங்கள்.