அலையாத்திக் காட்டு மண்ணும் குலைநோயும்: டெல்டா விவசாயிகளின் கேள்விகளுக்குப் பதில்

முத்துப்பேட்டை, பிச்சாவரம் பக்கத்து அலையாத்திக் காட்டு மண்ணில் பூஞ்சாண நோய்களை அடக்கும் பாக்டீரியா இருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. அதையொட்டி வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டுப் பதில் எழுதியிருக்கிறேன்.

சார், அந்தச் சேற்றில் அப்படி என்னதான் இருக்கிறது? நம் வயல் மண்ணில் இல்லாததா? (திருத்துறைப்பூண்டி)

வயலிலும் உண்டு. முதல் மழைக்கு எழும் மண்வாசனைக்குப் பெரும்பாலும் காரணம் ஸ்ட்ரெப்டோமைசிஸ் போன்ற ஆக்டினோமைசீட் பாக்டீரியாக்கள்தான். அலையாத்திச் சேற்றில் அவற்றின் பிழைப்பு கொஞ்சம் கஷ்டமானது. ஓதம் ஏறி இறங்க உப்பு கூடும், குறையும். ஒரு சாண் ஆழத்துக்குக் கீழே காற்றே கிடையாது, கந்தக நெடி அடிக்கும். விழுந்து மட்கும் இலைக்கோ ஆயிரம் பங்காளிகள். எதிரியை விரட்டும் பொருளைச் சுரப்பதும், பூஞ்சாணத்தின் செல் சுவரில் உள்ள கைட்டினைக் கரைப்பதும் அங்கே பிழைக்கும் வழிகள். வேறு மண்ணில் கிடைக்காத புது வகைகள் இங்கே கிடைக்கலாம் என்ற எதிர்பார்ப்பில்தான் ஆராய்ச்சியாளர்கள் தேடுகிறார்கள்.

ஒரு டிராக்டர் சேறு அள்ளிவந்து நாற்றங்காலில் போட்டால் என்ன? (தலைஞாயிறு)

வேண்டவே வேண்டாம் அண்ணே. கடைமடையில் ஏற்கெனவே உப்போடு மல்லுக்கட்டுகிறீர்கள், இன்னும் ஏன்? அந்தச் சேறு காய்ந்து காற்றுப் பட்டால், அதிலுள்ள இரும்புக் கந்தகம் மாறிக் கந்தக அமிலம் உண்டாகும், நாற்று கருகிவிடும். நல்ல பாக்டீரியாவை மட்டும் பொறுக்கி எடுக்கவும் முடியாது. அது காப்புக்காடு வேறு. சேறு அள்ளினால் வழக்கு வரும். 2018 கஜா புயலில் முறிந்த காடு, அதை விட்டுவிடுவோம்.

பிச்சாவரம் மண்ணிலிருந்து எடுத்த ஸ்ட்ரெப்டோமைசிஸ், ஆய்வகத் தட்டில், நெல்லைத் தாக்கும் குலைநோய்ப் பூஞ்சாணத்தை நன்றாகத் தடுத்தது. தொட்டிச் செடியில் தெளித்தால் ஒன்றுமே நடக்கவில்லை. ஏன் சார்? (சிதம்பரம், முதுகலை மாணவி)

எல்லோரும் முட்டி நிற்கும் இடம் இதுதான் அம்மா. தட்டில் பாக்டீரியாவுக்கு மாவும் கேசினும் ஊட்டி, 28 டிகிரியில் ஒரு வாரம் வளர்த்து, அப்புறம்தான் பக்கத்தில் பூஞ்சாணத்தை வைக்கிறோம். ஓரத்தில் பூஞ்சாணம் வளராத வெறும் வளையம் விழுகிறது. இலையின் மேல் அந்தச் சாப்பாடு எங்கே? வெயில் பாக்டீரியாவைக் கொல்லும், சுரந்த பொருளையும் சிதைக்கும். ஒரு மழை மிச்சத்தைக் கழுவிவிடும். உப்பில் பழகிய பாக்டீரியாவுக்கு நல்ல தண்ணீர் ஒத்துக்கொள்ளாமலும் போகலாம்.

ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். வடிகட்டிய சாற்றைத் தனியாக, உயிருள்ள பாக்டீரியாவைத் தனியாகத் தெளியுங்கள். கூடவே, வெறும் வளர்ப்பு ஊடகத்தை மட்டும் தெளித்த செடிகளும் இருக்க வேண்டும். பல ஆய்வேடுகளில் இது விடுபட்டுப்போகிறது. சாறு மட்டும் வேலை செய்தால் உங்கள் அடுத்த வேலை பொருளைப் பிரிப்பது. பாக்டீரியா வேலை செய்தால், இலையை விட்டு வேருக்கோ விதைக்கோ மாற்றிப் பாருங்கள். உப்பு ஏறிய வயலில்தான் இந்தப் பாக்டீரியாக்களுக்கு மற்றவற்றை முந்த வாய்ப்பு அதிகம் என்பது என் கணிப்பு.

மண் பாக்டீரியாவிலிருந்து வந்த மருந்து எதுவும் கடையில் இல்லையா? (வலங்கைமான்)

இருக்கிறது, நீங்களே வாங்கியிருப்பீர்கள். அலையாத்தி மண்ணிலிருந்து வந்ததல்ல, அவ்வளவுதான். நெல்லின் இலையுறைக் கருகலுக்கு அடிக்கும் வேலிடமைசின், ஸ்ட்ரெப்டோமைசிஸ் சுரப்பது. அது பூஞ்சாணத்தை உடனே கொல்லாது. ட்ரெஹலோஸ் என்ற சர்க்கரையை உடைக்கும் நொதியை முடக்கிவிடும். வளரும் நுனிக்குச் சாப்பாடு போகாது, இழை நீளாமல் கண்டபடி கிளைத்து நின்றுவிடும். அதனால் தண்ணீர் மட்டத்தை ஒட்டிய தண்டில் பாம்புத்தோல் மாதிரிப் புள்ளி தெரிந்ததுமே அடிக்க வேண்டும். பயிரின் மேலே தூவிவிட்டுப் போனால் பயனில்லை; அடித்தூர் நனைய வேண்டும்.

குலைநோய்க்குக் காசுகாமைசின். ஜப்பானில் நாரா நகரத்துக் காசுகா கோயில் மண்ணில் கிடைத்த பாக்டீரியாவிலிருந்து 1960களில் வந்தது. அங்கே அதையே திரும்பத் திரும்ப அடித்ததில், 1970களில் மருந்துக்கு அடங்காத குலைநோய் கிளம்பிவிட்டது. மார்கழிப் பனியில் பிபிடி ரக நெல்லில் கண் வடிவப் புள்ளி, நடுவில் சாம்பல் நிறம் தெரிகிறதா? முதலில் யூரியாவை நிறுத்துங்கள். மருந்து அடுத்தது. அதையும் மாற்றி மாற்றி அடியுங்கள்.

பாக்டீரியா தருவது என்றால் இயற்கைதானே, ஆபத்து இல்லையே? (குடவாசல்)

அப்படி நம்ப வேண்டாம். பிளாஸ்டிசிடின் என்பதும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் தந்ததுதான். குலைநோயை அடக்கியது, தெளித்தவர் கண்ணையும் பதம் பார்த்தது. ஸ்ட்ரெப்டோமைசின் காசநோய்க்குக் கொடுக்கும் மருந்து. டெட்ராசைக்ளினோடு கலந்து பாக்டீரியா இலைக்கருகலுக்கு அடித்துக்கொண்டிருந்தோம். பயிரில் அடிக்க இப்போது அரசு தடை இருக்கிறது. பழைய பாக்கெட் பரணில் இருந்தாலும் எடுக்காதீர்கள்.

நோய் தடுக்கும் பாக்டீரியா என்று சூடோமோனாஸ் வாங்கிப் போட்டேன், ஒன்றும் தெரியவில்லை. ஏமாற்றுவேலையா? (மன்னார்குடி)

சரக்கு செத்துப்போயிருக்கலாம். தயாரிப்புத் தேதியைப் பார்த்தீர்களா? வெயிலில் வைத்த கடையில் வாங்காதீர்கள். கிலோ விதைக்கு 10 கிராம் வீதம் நேர்த்தி செய்வதுதான் செலவு குறைந்த முறை. நட்ட 30ஆம் நாள் ஏக்கருக்கு ஒரு கிலோவை 20 கிலோ மட்கிய எருவில் கலந்து தூவலாம். தாமிர மருந்தோடு ஒரே டேங்கில் கலக்கக் கூடாது. இது நோய் வருமுன் கொடுப்பது. வந்தபின் கொடுத்துவிட்டுக் குறை சொன்னால் அதற்கும் வாயில்லை.

தென்னை அடியில் பழுப்பாகச் சாறு வடிகிறது. அலையாத்தி பாக்டீரியா வரும்வரை காத்திருக்கலாமா? (பேராவூரணி)

காத்திருந்தால் மரம் போய்விடும். அது தஞ்சாவூர் வாடல், கானோடெர்மா பூஞ்சாணத்தின் வேலை. சூடோமோனாஸ் 200 கிராம், டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சாணம் 200 கிராம், மட்கிய எரு 50 கிலோ கலந்து வருடத்துக்கு ஒருமுறை மரத்தடியில் போடுங்கள். நோய் கண்ட மரத்தைச் சுற்றிக் குழி வெட்டிப் பிரித்துவிட்டு, மற்ற மரங்களுக்கு அந்தத் தண்ணீர் பாயாமல் பாருங்கள். செத்த மரத்தைத் தூரோடு எடுத்து எரிக்க வேண்டும்.

கதிரில் நெற்பழம் (நெல்மணி உருண்டையாக மாறும் பூஞ்சாண நோய்) வந்துவிட்டது, என்ன அடிக்கலாம்? (பாபநாசம்)

இப்போது எதுவும் வேண்டாம், காசை மிச்சப்படுத்துங்கள். அடுத்த பட்டத்தில் கதிர் வெளிவருமுன், தொண்டைக் கதிர் சமயத்தில் கேளுங்கள், சொல்கிறேன். பழம் பிடித்த கதிர்களை விதைக்கு மட்டும் சேர்க்காதீர்கள்.