கூரை எதற்கு, யாருக்கு?

கேள்வி: அமெரிக்காவில் வீடு போலக் கூரையும் சுவரும் வைத்த மரப்பாலங்களைப் படத்தில் பார்த்தேன். போகிறவர்கள் நனையாமல் இருக்கவா?
– வாசகர், காரைக்குடி

பதில்: நனையக் கூடாதது பாலம்தான். பாரத்தைத் தாங்குவது இரு பக்கமும் நிற்கும் மரச்சட்டம். வெளியே தெரிகிற பலகை அதற்குச் சட்டை மாதிரி. மழைநீர் மூட்டிலும் முளை (மர ஆணி) அறைந்த துளையிலும் புகுந்தால் காய வழியில்லை, உள்ளிருந்தே உளுத்துவிடும். 1805இல் பிலடெல்பியாவில் பாலம் கட்டிய திமோத்தி பாமர், மூடாவிட்டால் 10, 12 வருடம், மூடினால் 30, 40 வருடம் என்று கணக்குச் சொன்னார். அவர் கணக்கே குறைவுதான்; 150 வருடம் தாண்டிய பாலங்களில் இன்றும் வண்டி ஓடுகிறது.

கேள்வி: அப்படி ஒன்றைச் சொல்லுங்கள். எப்படிக் கட்டினார்கள்?
– வாசகர், ஓசூர்

பதில்: கனெக்டிகட் ஆற்றின் குறுக்கே கார்னிஷ், வின்ட்சர் ஊர்களை இணைக்கும் பாலம். நீளம் 449 அடி, ஆற்றின் நடுவே ஒரே ஒரு தூண். அங்கே இருந்த மூன்று பாலங்களையும் வெள்ளம் கொண்டுபோன பிறகு, 1866இல் ஜேம்ஸ் டாஸ்கரும் பேலா ஃபிளெட்சரும் 9,000 டாலருக்குக் கட்டியது.

இதற்கு அடிப்படை இத்தியல் டவுன் என்ற கட்டடக் கலைஞர் 1820இல் காப்புரிமை பெற்ற பின்னல் சட்டம். பலகைகளைச் சாய்வாக, கோலம் போடுவதுபோல ஒன்றன்மேல் ஒன்று குறுக்கிட வைத்து, சந்திக்கும் இடங்களில் துளையிட்டு ஓக் முளைகளை அறைவார்கள். பெரிய மரமும் வேண்டாம், பெரிய ஆசாரியும் வேண்டாம். (இந்த முறையில் கட்டுகிறவர்களிடம் டவுன் பாலத்தின் நீளத்தில் அடிக்கு ஒரு டாலர் வாங்கினாராம், கேட்காமல் கட்டி மாட்டினால் இரண்டு!) டாஸ்கர் பலகைக்குப் பதில் கனமான சதுரக் கட்டைகளை எடுத்து, குறுக்கிடும் இடத்தில் காடி வெட்டிப் பொருத்தினார். முதலில் புல்வெளியில் வைத்து அளவு பார்த்துக்கொண்டு, பிறகுதான் ஆற்றுக்குக் கொண்டுபோனார்கள்.

கேள்வி: இவை கெடுவது எங்கே?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: இரண்டு இடம். ஒன்று, சட்டத்தின் முனை கரைச்சுவரில் உட்காரும் இடம். வண்டிச் சக்கரம் கொண்டுவரும் மண்ணும் பனி உருகிய நீரும் அங்கே சேரும். அதனால்தான் சட்டத்துக்கு அடியில் தனியாக ஒரு படுக்கைக் கட்டை வைப்பது. உளுத்தால் அதை மட்டும் மாற்றலாம். பார்வைக்கு நன்றாக இருக்கிறதென்று நம்பக் கூடாது, குத்தூசியால் குத்திப் பாருங்கள்: சுலபமாக இறங்கினால் போயிற்று.

இன்னொன்று கீழ்த்தூலம், அதாவது சட்டத்தின் அடிப்பக்கம் நீளவாக்கில் ஓடும் மரம். பாரம் ஏறும்போது அது இழுபடும். அவ்வளவு நீள மரம் கிடைக்காது, ஒட்டுப் போட்டுத்தான் ஆக வேண்டும். ஒட்டு நழுவினால் பாலம் நடுவில் தொய்யும். கார்னிஷ் பாலத்தையும் 1987இல் போக்குவரத்தை நிறுத்தி, அடுக்கடுக்காகப் பசையிட்டு ஒட்டிய தூலங்கள் வைத்துப் பழுதுபார்த்து 1989 டிசம்பரில் திறந்தார்கள்.

கேள்வி: பனிக்காலத்தில் கூரை வசதிதானே?
– வாசகர், உதகை

பதில்: அந்தக் காலச் சறுக்கு வண்டிக்காரர்களுக்கு இல்லை. வெறும் பலகையில் வண்டி நகராது என்று, வெளியே கிடக்கும் பனியை அள்ளி வந்து பாலத்துக்குள் பரப்புவார்கள்.