ஊர் வீட்டில் கேபிளை நிறுத்திவிட்டு நெட்டில் மட்டும் டிவி பார்த்தால் போதுமா, செலவு குறையுமா?

எங்கள் வீடு காவேரிப்பட்டணத்தில். போன வருடம் மாங்காய் சீசன் முடிந்த கையோடு கேபிளை எடுத்துவிட்டோம். போதுமா என்றால் போதும். செலவு குறையுமா என்பது உங்கள் வீட்டில் ரிமோட் யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

கேபிளுக்கு மாதம் 250 ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்தோம். ஃபைபர் நெட்டுக்கு 399 ரூபாய் பிளான். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து 471 ஆகிறது. என் வேலைக்கு நெட் எப்படியும் வேண்டும் என்பதால் அதை நான் டிவி கணக்கில் எழுதவில்லை. டிவிக்காகவே நெட் போடுகிறவர்களுக்கு இது முதல் மாதமே நஷ்டம்தான்.

அப்பாவுக்கு நியூஸ் போதும். புதிய தலைமுறை, தந்தி, சன் நியூஸ் எல்லாமே யூடியூபில் நேரலையாக இலவசமாக ஓடுகின்றன. வீட்டில் நாங்கள் பேசுவது தெலுங்கு. அவ்வாவுக்கு, அதாவது பாட்டிக்கு, விடியற்காலையில் திருமலை சுப்ரபாதம் கேட்டாக வேண்டும். தேவஸ்தானத்தின் எஸ்விபிசி சேனலும் யூடியூபில் வருகிறது. ஆக இரண்டு பேருக்கு ஒரு பைசா செலவில்லை. அம்மாவிடம்தான் மாட்டிக்கொண்டேன். சன் டிவி தொடர் சன் நெக்ஸ்டில், விஜய் டிவி ஜியோ ஹாட்ஸ்டாரில், ஜீ தமிழ் ஜீ5இல். மூன்று ஆப், மூன்று சந்தா. கேபிளில் மூன்று நம்பரை அழுத்தினால் முடிந்த வேலை இது. இரண்டு சந்தாவோடு நிறுத்திக்கொண்டோம். மூன்றாவதும் எடுத்திருந்தால் கேபிளே மலிவு.

வேகத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். முழு எச்டி படத்துக்கு 5 எம்பிபிஎஸ் இருந்தால் போதும், 30 எம்பிபிஎஸ் பிளானே தாராளம். ஆனால் போன் ஹாட்ஸ்பாட்டில் சமாளித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். எச்டியில் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜிபி வரை போகும். தினம் 2 ஜிபி ரீசார்ஜ் அரை மணி நேரத் தொடர் ஒன்று முடிந்து, அடுத்தது பாதி ஓடுவதற்குள் காலி. எங்களுக்குத் தொல்லை கொடுத்தது சுவர்தான். தாத்தா காலத்துக் கருங்கல் சுவர், ஒன்றரை அடி கனம். முன்அறை ரௌட்டரின் வைஃபை கூடத்துக்கு வருவதற்குள் செத்துவிடும். கடைசியில் லேன் ஒயர் இழுத்து டிவியில் நேராகச் செருகிவிட்டேன். சுற்றுவது நின்றது.

எனக்கு உண்மையில் நிம்மதி தந்த விஷயம் இடி. சித்திரை, வைகாசியில் இங்கே சாயங்காலம் இடியோடு மழை அடிக்கும். கேபிள் ஒயரில் இருப்பது செம்பு, அதனால் எங்கோ விழுந்த இடியின் அதிர்ச்சி அது வழியாக வீட்டுக்குள் வந்துவிடும். அப்படி இரண்டு செட்டாப் பாக்ஸ் கருகின. ஃபைபர் கண்ணாடி இழை, மின்சாரம் அதில் ஓடாது. (கரன்ட் ஒயர் வழியாக வருவது வேறு, இடிக்கும்போது பிளக்கைப் பிடுங்கத்தான் வேண்டும்.) இன்னொன்று, பழைய கேபிளில் எங்கள் தெருவில் கரன்ட் இருந்தாலும் படம் வராத நாள்கள் உண்டு. வழியில் ஏதோ ஒரு கம்பத்தில் இருக்கிற ஆம்ப்ளிஃபயருக்குக் கரன்ட் இருக்காது. ஃபைபரில் அந்தத் தலைவலி இல்லை. நம் வீட்டில் கரன்ட் போனாலும் நெட் நிற்காமலிருக்க, ரௌட்டருக்கு ஒரு சின்ன 12 வோல்ட் யுபிஎஸ் வாங்கி வைத்தால் போதும்.

ஆனால் அறுந்தால் கஷ்டம். கேபிள் அறுந்தால் பையன் வந்து முறுக்கி டேப் சுற்றிவிட்டுப் போவான். ஃபைபரை அப்படி ஒட்ட முடியாது, அதற்கென்று மெஷின் வேண்டும். வைக்கோல் லாரி ஒன்று எங்கள் ஒயரை இழுத்துக்கொண்டு போனபோது, மெஷின் வைத்திருக்கிறவர் வந்து சேர நாலு நாள் ஆனது. அந்த நாலு நாளும் அம்மா என்னோடு சரியாகப் பேசவில்லை.

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நெட்டில் வீடியோ துண்டு துண்டாக வந்து சேர்ந்து, கொஞ்சம் இருப்பு வைத்துக்கொண்டுதான் ஓடும். அதனால் அரை நிமிடம் வரை பின்தங்கும். கேபிள் இருக்கிற பக்கத்து வீட்டில் கத்துவார்கள், நம் வீட்டில் பௌலர் அப்போதுதான் ஓடி வருவார்.

நான் யோசிக்காமல் விட்டது லோக்கல் சேனல். கேபிள்காரர் நடத்துகிற அந்தச் சேனலில் திருவிழா, கடை விளம்பரம், கீழே இரங்கல் செய்தி ஓடும். கேபிளை நிறுத்திய இரண்டாம் மாதம், அம்மாவோடு பள்ளியில் படித்த ஒருவர் இறந்தது எங்களுக்குத் தெரியவில்லை. எடுப்பு முடிந்து மறுநாள்தான் கேள்விப்பட்டோம். “இருநூத்தம்பது ரூபாய்க்குப் பார்த்தியே” என்றார் அம்மா. என்னிடம் பதில் இல்லை.

ஆகவே ஒரு மாதம் இரண்டையும் வைத்திருந்து, யார் எதைத் தேடுகிறார்கள் என்று பாருங்கள். அதன் பிறகு பாக்ஸைத் திருப்பிக் கொடுங்கள், கொடுத்ததற்கு ஒரு சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

லோக்கல் சேனல்காரரும் இப்போது தேரோட்டத்தை யூடியூபில் லைவ் விடுகிறார். இரங்கல் செய்தி மட்டும் அதில் வருவதில்லை. காலையில் பால் சொசைட்டிக்குப் போகும்போது அம்மா அதைக் கேட்டு வந்துவிடுகிறார்.