ஹெட்போனுக்கு டேக் வாங்க எவ்வளவு செலவழிக்கலாம்? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: கல்லூரியில் படிக்கிறேன். ஆடியோ டெக்னிகா ஏடிஎச்-எம்50எக்ஸ் ஹெட்போன் இரண்டு வருடமாக என்னிடம் இருக்கிறது. புதிதாக வாங்கிய ஆண்ட்ராய்டு போனில் 3.5 மி.மீ. ஜாக் கிடையாது. கையில் ₹8,000 சேர்த்து வைத்திருக்கிறேன். "நல்ல சிப் போட்ட டேக் வாங்கு, பாட்டே வேற மாதிரி கேட்கும்" என்கிறார்கள் நண்பர்கள். எதை வாங்கலாம்?

பதில்: எட்டாயிரத்தையும் இதில் போட்டுவிடாதீர்கள். உங்கள் ஹெட்போனுக்கு ₹1,000 முதல் ₹3,000 வரை செலவழித்தால் போதும்.

போனில் இருக்கும் பாட்டு வெறும் எண்கள்தான். அந்த எண்களை ஹெட்போனை அசைக்கக்கூடிய மின்னலையாக மாற்றித் தருவது டிஜிட்டல் - அனலாக் கன்வர்ட்டர், சுருக்கமாக டேக். ஜாக் இருந்த காலத்தில் இந்த வேலையைப் போனுக்குள் இருந்த ஒரு சிப்பே பார்த்தது. ஜாக்கை எடுத்த பிறகு அது வெளியே வந்து, டைப்-சி முனையில் தொங்கும் டாங்கிளுக்குள் உட்கார்ந்துகொண்டது. ஹெட்போனை ஓட்டும் சின்ன ஆம்ப்ளிஃபயரும் அதே டாங்கிளுக்குள்தான் இருக்கிறது.

மாற்றுகிற வேலை இன்று ரொம்ப மலிவாகிவிட்டது. 1982-ல் வந்த சிடியின் 16 பிட் கணக்குப்படி, உச்சச் சத்தத்துக்கும் அடியில் இருக்கும் இரைச்சலுக்கும் நடுவே சுமார் 96 டெசிபெல் இடைவெளி உண்டு. ஃபேன் ஓடுகிற அறையில் உட்கார்ந்து கேட்கும் ஒருவருக்கு இது தாராளம். ஆப்பிள் விற்கும் ஆயிரம் ரூபாய் டாங்கிளே கிட்டத்தட்ட அந்த அளவை எட்டுகிறது. அதற்கு மேல் காசு கொடுத்தால் அளவீட்டுக் கருவியில் எண் கூடும். காதில் அநேகமாக எதுவும் மாறாது.

சிப் பெயரைப் பார்த்து வாங்கும் பழக்கமும் வேண்டாம். 2020 அக்டோபரில் ஜப்பானின் நோபெயோகாவில் இருந்த ஏகேஎம் நிறுவனத்தின் சிப் தொழிற்சாலை தீப்பிடித்து எரிந்தது. பல கம்பெனிகளுக்குச் சிப் கிடைக்கவில்லை. ஃபியோ என்ற கம்பெனி தன் கே5 ப்ரோ டேக் மாடலில் ஏகேஎம் சிப்பை எடுத்துவிட்டு, இஎஸ்எஸ் என்ற வேறொரு நிறுவனத்தின் சிப் போட்டு விற்றது. அந்த மாடல் தன் வேலையை முன்போலவே பார்த்தது. சிப்பைச் சுற்றி இருக்கும் மின்சுற்றை ஒழுங்காக அமைத்திருக்கிறார்களா என்பதுதான் முக்கியம். பெயர் தெரிந்த கம்பெனிகள் பெரும்பாலும் அதை ஒழுங்காகவே செய்கின்றன.

எதை வாங்குவது என்றால், ஆப்பிள் டாங்கிள் ஐபேடிலும் லேப்டாப்பிலும் ஐபோன் 15-லும் அதற்குப் பிந்தையவற்றிலும் அருமையாக வேலை செய்யும். ஆனால் பல ஆண்ட்ராய்டு போன்களில் அது முழுச் சத்தத்தையும் வெளியே விடாது. அதனால் உங்களுக்கு அது சரிவராது. சாம்சங் தனியாக விற்கும் டைப்-சி அடாப்டர் போதும். கொஞ்சம் கூடுதல் சக்தி வேண்டுமென்றால் ஃபியோ கேஏ11 மாதிரி ஒன்றைப் பாருங்கள். ஹெட்போன் வயரில் இருக்கும் மைக்கில் பேச வேண்டுமா? அப்படியானால் வாங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். இசைக்கென்றே வரும் டாங்கிள்கள் பலவற்றில் மைக் வேலை செய்யாது.

மீதிப் பணத்தில் ஒரு ஜோடி இயர்பேட் (காதைச் சுற்றிப் பதியும் மெத்தை) வாங்குங்கள், மனதாரச் சொல்கிறேன். நம் ஊர் வியர்வைக்கு அந்தச் செயற்கைத் தோல் இரண்டு வருடத்தில் உரியத் தொடங்கும். கேட்டு முடித்துக் கழற்றும்போது காதோரம் கறுப்புத் தூள் ஒட்டியிருக்கும். உள்ளே ஸ்பாஞ்சும் அமுங்கிப் போயிருக்கும். காதைச் சுற்றி இடுக்கு விழுந்தால் முதலில் ஒழுகிப் போவது பேஸ்தான். புது பேட் மாட்டியதும் மிருதங்கத்தின் தொப்பிச் சத்தம் திரும்பி வருவதை நீங்களே கேட்கலாம். எந்த டேக்கும் இந்த அளவு வித்தியாசம் காட்டாது.

கேள்வி: கடையில் ₹120-க்கு ஒரு டைப்-சி ஹெட்போன் கன்வர்ட்டர் வாங்கினேன். என் பழைய போனில் பாடியது. புதுப் போனில் மாட்டினால் சத்தமே இல்லை. போன் கோளாறா?

பதில்: போன் நன்றாகத்தான் இருக்கிறது. உங்கள் கன்வர்ட்டருக்குள் டேக் இல்லை, வெறும் கம்பி இணைப்புதான். டைப்-சி வழியாக அனலாக் ஒலியையே வெளியே அனுப்பும் போன்களில் மட்டும் அது பாடும். உங்கள் புதுப் போன் அப்படி அனுப்பாது. அட்டையில் 'டேக் உள்ளது' என்று தெளிவாகப் போட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: பெயர்டைனமிக் டிடி 990 ப்ரோ, 250 ஓம் மாடலை ஒரு நண்பரிடமிருந்து பழையதாக வாங்கினேன். லேப்டாப்பில் நேராகச் செருகினால் சத்தம் போதவில்லை. "250 ஓம் என்றால் டேபிள் மேல் வைக்கும் பெரிய டேக்-ஆம்ப் இல்லாமல் ஓடவே ஓடாது" என்கிறார் கடைக்காரர். அவர் காட்டிய பெட்டி ₹20,000. அவ்வளவு தேவையா?

பதில்: அவ்வளவு தேவையில்லை. கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

இந்த ஹெட்போன் 1 மில்லிவாட்டுக்கு 96 டெசிபெல் சத்தம் தரும் என்கிறது கம்பெனி. 250 ஓமில் 1 மில்லிவாட் என்பது அரை வோல்ட். வோல்ட்டை இரட்டிப்பாக்கினால் 6 டெசிபெல் கூடும். ஆக, 1 வோல்ட் தரும் சாதனத்தில் 102 டெசிபெல், 2 வோல்ட் தரும் சாதனத்தில் 108 டெசிபெல் உச்சம் கிடைக்கும். அமைதியான கச்சேரிப் பதிவுகளில் உச்சம் சராசரியைவிட 20 டெசிபெல் மேலே போகும் என்று வைத்துக்கொண்டாலும், 2 வோல்ட்டில் சராசரி 88 டெசிபெல் வரை கேட்கலாம். பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரத்துக்கு 80 டெசிபெல்தான் பாதுகாப்பு வரம்பு என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதாவது, உங்கள் காதுக்கு ஆகாத அளவு சத்தமே 2 வோல்ட் டாங்கிளில் வந்துவிடும்.

கடைக்காரர் சொன்னதில் பாதி சரி. ஓம் கூடினால் வோல்ட் கூடுதலாக வேண்டும். உங்கள் லேப்டாப் ஜாக் அந்த வோல்ட்டைத் தரவில்லை. ஆனால் அதற்குத் தீர்வு இருபதாயிரம் ரூபாய்ப் பெட்டி என்பது சரியில்லை. மூன்ட்ராப் டான் ப்ரோ என்ற டாங்கிள் சாதாரண 3.5 மி.மீ. ஜாக்கிலேயே 2 வோல்ட் தருகிறது, 4.4 மி.மீ. பேலன்ஸ்டு ஜாக்கில் 4 வோல்ட். உங்கள் ஹெட்போனின் கேபிளைக் கழற்ற முடியாது என்பதால் அந்த 4.4 ஜாக் உங்களுக்குப் பயன்படாது. 2 வோல்ட்டே போதும்.

அட்டையில் 'இத்தனை மில்லிவாட்' என்று பெரிதாகப் போட்டிருந்தால், பக்கத்தில் எத்தனை ஓமுக்கு என்று பாருங்கள். அநேகமாக 32 ஓம் என்று இருக்கும். 32 ஓமில் 200 மில்லிவாட் தரும் சாதனம் 250 ஓமில் எவ்வளவு தரும் என்பதை அந்த எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. 'அதிகபட்ச வோல்ட்' என்ற எண்ணைத் தேடுங்கள். பெரிய பெட்டி நிஜமாகவே தேவைப்படும் ஹெட்போன்களும் உண்டு. தட்டையான மெல்லிய சவ்வு அசைந்து பாடும் பிளேனார் வகையில், சத்தம் குறைவாக எழுப்பும் சிலவற்றுக்கு வோல்ட்டும் வேண்டும், மின்னோட்டமும் வேண்டும். உங்களுடையது அந்த ரகம் இல்லை.

கேள்வி: இரண்டு டாங்கிள்களை மாற்றி மாற்றிக் கேட்டேன். விலை கூடியதில் குரல் துல்லியமாக இருந்தது. நீங்களோ எல்லா டாங்கிளும் ஒன்றுதான் என்கிறீர்களே?

பதில்: நீங்கள் வித்தியாசம் கேட்டீர்கள் என்பதை நம்புகிறேன். ஆனால் இரண்டும் ஒரே சத்தத்தில் பாடினவா? ஒன்று 1 டெசிபெல் கூடுதலாகப் பாடினால் அதைச் 'சத்தம் அதிகம்' என்று நாம் உணர்வதில்லை, 'தெளிவு அதிகம்' என்றுதான் உணர்கிறோம். டெமோவில் இப்படித்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள்.

வீட்டில் மல்டிமீட்டர் இருந்தால் நீங்களே சோதிக்கலாம். 100 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றைப் போனில் ஓடவிடுங்கள். ஜாக்கை இரண்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் ஒன்றை டாங்கிளில் மாட்டி, ஒரு பக்கம் ஹெட்போன், மறு பக்கம் ஒரு வெற்று ஆக்ஸ் கேபிளைச் செருகுங்கள். அந்தக் கேபிளின் மறுமுனை பின்னில், நுனியிலும் அடிப்பாகத்திலும் மீட்டர் முனைகளை வைத்து ஏசி வோல்ட்டைப் பாருங்கள். இரண்டு டாங்கிளிலும் ஒரே எண் வரும்படி வால்யூமைச் சரிசெய்த பிறகு, எது எது என்று உங்களுக்குச் சொல்லாமல் வேறொருவரை மாற்றித் தரச் சொல்லுங்கள். பத்து தடவையில் ஒன்பது தடவை சரியாகச் சொன்னால் விலை கூடியதையே தயங்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

நிஜமான வித்தியாசம் வரும் இடங்களும் உண்டு. காதுக்குள் செருகும் இயர்போன்கள் மிகச் சின்ன இரைச்சலையும் 'ஸ்ஸ்' என்று காட்டிக்கொடுக்கும். ஒரே இயர்போனுக்குள் ஒலி எழுப்பும் டிரைவர் பல இருந்தால், டாங்கிளின் அவுட்புட் இம்பீடன்ஸ் (டாங்கிளுக்குள்ளேயே இருக்கும் மின்தடை) அதிகமாக இருக்கும்போது இயர்போனின் குரலே மாறிப்போகும். இயர்போனின் ஓமில் எட்டில் ஒரு பங்குக்குக் கீழே டாங்கிளின் இம்பீடன்ஸ் இருந்தால் நல்லது. 16 ஓம் இயர்போனுக்கு 2 ஓம்.

கேள்வி: புளூடூத் ஹெட்போனுக்கு டேக் வாங்கினால் தரம் கூடுமா?

பதில்: கூடாது. புளூடூத் ஹெட்போனுக்குள்ளேயே டேக்கும் ஆம்பும் இருக்கின்றன. போனில் மாட்டும் டாங்கிள் அந்த வழியில் வரவே வராது.

கேள்வி: டாங்கிள் அட்டையில் 32 பிட், 768 கிலோஹெர்ட்ஸ், டிஎஸ்டி, எம்கியூஏ என்றெல்லாம் போட்டிருக்கிறதே, எது அவசியம்?

பதில்: 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் இருந்தால் போதும். மனிதக் காது கேட்கும் உச்சம் 20 கிலோஹெர்ட்ஸ். அதைப் பதிவு செய்ய, நொடிக்கு அதன் இரண்டு மடங்குக்குச் சற்று மேலான தடவை ஒலியை அளவெடுத்தால் போதும் என்பதால்தான் சிடிக்கு 44.1 கிலோஹெர்ட்ஸ் வைத்தார்கள். டிஎஸ்டியும் எம்கியூஏவும் பாட்டைச் சேமித்து வைக்கும் இரண்டு வடிவங்கள். எம்கியூஏவுக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். அதை உருவாக்கிய நிறுவனம் 2023-ல் திவால் நடவடிக்கைக்குப் போய்க் கைமாறியது. எம்கியூஏவைப் பெரிதாகத் தாங்கிய டைடல் என்ற இணைய இசைச் சேவையே 2024-ல் எம்கியூஏவைக் கைவிட்டது.

கேள்வி: லேப்டாப்பில் டாங்கிள் மாட்டிக் கேட்கும்போது சார்ஜர் போட்டால் 'ங்ங்' என்று இரைகிறது. கழற்றினால் நின்றுவிடுகிறது. டாங்கிளைத் திருப்பிக் கொடுக்கலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். சார்ஜரைக் கழற்றியதும் நிற்கிறது என்றால் இரைச்சல் சார்ஜர் வழியாகத்தான் வருகிறது. எர்த் இல்லாத இரண்டு முனை சார்ஜர்களில் இது சகஜம். மூன்று முனை சார்ஜராக இருந்தால், எர்த் ஒழுங்காக இருக்கும் வேறு பிளக்கில் போட்டுப் பாருங்கள். லேப்டாப்பின் வேறு யூஎஸ்பி துளையில் மாட்டிப் பாருங்கள். அதே டாங்கிள் போனில் அமைதியாகப் பாடினால் அதில் குறையில்லை. இதற்காக ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் 'ஆடியோ' யூஎஸ்பி கேபிளை விற்க வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் ஒரே டாங்கிள் ஓரிடத்தில் ₹4,500, இன்னோரிடத்தில் ₹3,200. மலிவானதை வாங்கலாமா?

பதில்: ₹3,200-க்கு விற்பவர் யார் என்று பாருங்கள். இறக்குமதிப் பொருள் என்றால் பெட்டியில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, அதிகபட்ச விலை எல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும். 2011-ன் பொதிப்பொருள் விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. அந்த ஸ்டிக்கர் இல்லாத பெட்டி பெரும்பாலும் பின்வழியாக வந்தது. கெட்டுப்போனால் இங்கே வாரண்டி கிடைப்பது கஷ்டம். டாங்கிளில் முதலில் போவது அந்தக் குட்டிக் கேபிள்தான், பிளக்கை ஒட்டிய இடத்தில். அதனால் வாரண்டியில் கேபிளும் சேருமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கேபிளைக் கழற்றி மாற்றும் வசதி உள்ள மாடல் என்றால் அந்தக் கவலையே இல்லை. விற்றவர் கையை விரித்தால், பில்லையும் பேசிய மெசேஜ்களையும் எடுத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள்.